வலி அடங்கிய மாடு குணமான மாடா?

நன்றாக நின்ற மாடு திடீரென்று பின்னங்காலால் வயிற்றை உதைத்துக் கொள்கிறது. படுக்கிறது, எழுகிறது, தவிக்கிறது. சில மணி நேரத்தில் அமைதியாகி விடுகிறது. வலி தெளிந்து விட்டது என்று வீட்டார் நிம்மதி அடைகின்றனர். குடல் செருகல், குடல் முறுக்கல் ஆகிய கோளாறுகளில் இந்த நிம்மதியே மாட்டின் உயிருக்கு ஆபத்தாக முடியும்.

கோம்பை, உத்தமபாளையம் பகுதியில் மலை மாடுகளைப் பட்டி போட்டு வளர்ப்போர் இதை அவசியம் தெரிந்து கொள்ள வேண்டும். பல மாடுகளுக்கு நடுவே அமைதியாகப் படுத்திருக்கும் மாடு எளிதில் கண்ணில் படாது.

வலி எப்படி உண்டாகிறது?

குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்து கொள்வது குடல் செருகல். அப்போது குடலுக்குச் செல்லும் ரத்தக் குழாய்களும் நெரிபடுகின்றன. ரத்தம் திரும்ப வழியின்றித் தேங்கி, குடல் வீங்குகிறது. பிறகு புது ரத்தம் வருவதும் தடைபடுகிறது. பிராணவாயு கிடைக்காத குடல் சுவரில் லாக்டிக் அமிலம் சேருகிறது. நலிந்த திசுக்களிலிருந்து வேறு சில பொருள்களும் கசிகின்றன. இவை உணர்வு நரம்புகளின் நுனிகளைத் தூண்டுகின்றன. தண்டுவடம் வழியாகச் செய்தி மூளைக்குப் போகிறது. மாடு வயிற்றை உதைக்கிறது.

வலி ஏன் அடங்குகிறது?

நரம்புக்கும் பிராணவாயு தேவை. நெடுநேரம் சம்மணமிட்டு உட்கார்ந்தால் கால் மரத்துப் போவதை அனைவரும் அறிவர். எழுந்து நடந்தால் கால் சரியாகி விடும். நெரிபட்ட குடலோ தானாக விடுபடுவது அரிது. நேரம் செல்லச் செல்ல நரம்பு செய்தி அனுப்புவதை நிறுத்துகிறது. குடல் அழுகத் தொடங்குகிறது. கிருமிகளின் நஞ்சு ரத்தத்தில் கலந்து மாடு சோர்ந்து விடுகிறது.

கண்டறிவது எப்படி?

உண்மையில் குணமான மாடு தீவனம் தின்னும், அசை போடும், சாணம் போடும். ஆபத்தில் உள்ள மாடு அசை போடாது. சாணம் வராது, அல்லது சளியுடன் கருஞ்சிவப்பு ரத்தம் மட்டும் சிறிது வரும். காதுகள் சில்லிட்டிருக்கும், கண்கள் குழி விழும். வாலின் அடிப்பக்கம் விரல் வைத்து நாடி பார்க்கலாம். வளர்ந்த மாட்டுக்கு நிமிடத்துக்கு 60 முதல் 80 வரை இருப்பது இயல்பு. 100-க்கு மேல் போனால் அபாயம்.

செய்ய வேண்டியவை

வலி தொடங்கியதுமே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். 1962 என்ற எண்ணிலும் உதவி கேட்கலாம். வலி தொடங்கிய நேரம், கடைசியாகச் சாணம் போட்ட நேரம், தின்ற தீவனம் ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். எண்ணெய், கஷாயம் எதையும் வாயில் வலிந்து ஊற்றக் கூடாது. அது நுரையீரலுக்குள் போகலாம். வலி ஊசி செய்தியைத்தான் நிறுத்தும், செருகலை எடுக்காது. காலத்தோடு வந்தால் மருத்துவர் வலது விலாப்பக்கம் திறந்து அறுவை செய்து மாட்டைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு.

மனிதருக்கும் இது பொருந்தும். குடலிறக்கம் உள்ளவருக்குப் புடைப்பு உள்ளே போகாமல் கடுமையாக வலித்தால், வலி குறையும் வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.