வாழ வந்தவள் எந்த நாடு?

கொல்லிமலையில் 14 நாடுகள். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு என்று போகும். இன்றைக்கு அவை பஞ்சாயத்துகள், ஆனாலும் 'நாடு' பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆக இங்கே வெளிநாடு போக பாஸ்போர்ட் வேண்டியதில்லை. காரவள்ளிக்கு இறங்கும் 70 கொண்டைஊசி வளைவுகள் போதும். டொராண்டோவுக்குப் போன தமிழ்ப் பெண்ணிடம் போனில் கேட்கப்படும் 'என்ன, ஏதும் விசேஷம் உண்டா?' என்ற அதே கேள்விதான் திருப்பூருக்குப் பனியன் தைக்கப்போன மலைக்காரப் பெண்ணிடமும் கேட்கப்படுகிறது. இதைப் பாசம் என்பதா, கணக்கெடுப்பு என்பதா? எனக்கு இரண்டாவதுதான் சரியென்று படுகிறது. யாருடைய கணக்கில் பிள்ளை சேரும் என்பதே இதில் விஷயம்.

மலையாளிகளின் தோற்றக் கதை ஒன்றை 1909இல் வெளிவந்த தர்ஸ்டனின் தொகுப்பில் படிக்கலாம். (இந்த மலையாளிக்கும் கேரளத்துக்கும் சம்பந்தமில்லை. மலையில் வாழ்கிறவர்கள், பேசுவது தமிழ்.) காஞ்சிபுரத்து வேளாளர்களாகத் தம்மைச் சொல்லிக்கொள்ளும் அண்ணன் தம்பி மூவர் வேட்டைக்குப் போகிறார்கள். விடாத மழை. நாய்கள் மட்டும் வீடு திரும்ப, புருஷன்மார் செத்தார்கள் என்று நினைத்து மனைவிமார் தீயில் மாய்ந்துபோகிறார்கள். பிறகு திரும்பிவந்த மூவரும் வேறு பெண்களைக் கட்டிக்கொள்கிறார்கள். ஒருத்தி கைக்கோளர் பெண், ஒருத்தி வேடர் பெண், இன்னொருத்தி பள்ளர் பெண். சேர்வராயன், கொல்லி, பச்சைமலைகளின் மக்கள் இவர்கள் வழி வந்தவர்களாம்.

இந்தக் கதையாடலை நேராகப் படித்தால், ஒரு சமூகமே கலப்பு மணத்தில், அந்நிய மண்ணில் பிறந்ததாக ஒத்துக்கொள்கிறது. ஆச்சரியம்தான், இவ்வளவு வெளிப்படையாக ஒத்துக்கொள்ளும் சாதிக்கதைகள் குறைவு. ஆனால் வம்சங்களுக்குப் பெயர் பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன். தாய்மார் மூவருக்கும் சாதி மட்டும் உண்டு, பேரு கிடையாது. பெண் வாழ வந்தவள், அவ்வளவுதான். வந்த இடத்தில் பெற்றுக்கொடுக்க வேண்டியவள். அவள் கொண்டுவந்த நாடு பிள்ளையிடத்தில் அழிந்துபோகிறது.

புராணம்தானே என்று விட்டுவிட முடியாது. நவீன அரசின் சொல்லாடலும் இதையே வேறு மொழியில் சொல்கிறது. பழங்குடி என்ற அந்தஸ்து மாநிலத்தோடு கட்டப்பட்டது. ஆந்திராவில் பழங்குடியாக இருந்தவரின் மகனுக்கு மகாராஷ்டிரத்தில் அந்த உரிமை இல்லை என்று 1990இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. அதாவது பிழைக்கப்போன இடத்தில் மலைக்காரர் மலைக்காரர் இல்லை. மாவட்ட எல்லையே போதும் என்பதற்கு ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையாளிகள் சாட்சி. பட்டியலில் தாங்கள் வரவேண்டுமென்று பல பத்தாண்டுகள் போராடியிருக்கிறார்கள்.

கல்யாணம் என்று வரும்போது சிக்கல் கூடுகிறது. கீழே போன பெண் பழங்குடி அல்லாத ஒருவனைக் கட்டிக்கொண்டால் அவளுடைய சாதி மாறுவதில்லை. பிள்ளைக்கு? 2012இல் ரமேஷ்பாய் நாய்கா வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னது: பிள்ளை தகப்பன் சாதி என்றே அனுமானிக்கப்படும், ஆனால் அது முடிந்த முடிவல்ல; தாயின் சமூகத்தில் வளர்ந்ததையும் அதன் இழிவுகளைச் சுமந்ததையும் நிரூபித்தால் மாற்றலாம். முந்தைய நிலையைவிட இது நல்ல தீர்ப்பு, சந்தேகமில்லை. இருந்தும் கவனியுங்கள். தகப்பன் வழிக்கு அத்தாட்சி வேண்டாம், அது சும்மா வருகிறது. தாய்வழி வேண்டுமென்றால் பட்ட அவமானத்தைச் சாட்சியாகக் கொண்டுவா என்கிறார்கள்.

சேர்ந்து வாழ முடியாமல் பிரிந்தாலும் இதே கதி. 1955ஆம் வருஷத்து இந்துத் திருமணச் சட்டம், மத்திய அரசு தனியே அறிவித்தாலொழிய, பழங்குடிகளுக்குப் பொருந்தாது என்று அதன் 2(2) பிரிவு சொல்கிறது. மலையில் ஊர்க்கூட்டம் கூடித் தீர்த்துவிடலாம், யாரும் சான்று கேட்கமாட்டார்கள். நகரத்து நீதிமன்றத்திலோ வழக்கம் என்பது நிரூபிக்கப்பட வேண்டிய பொருள். கணவன் இரண்டாம் கல்யாணம் செய்ததை எதிர்த்து ஒரு பழங்குடிப் பெண் போட்ட வழக்கு 2001இல் தோற்றதே இதனால்தான். இரண்டாம் மணம் செல்லாது என்ற வழக்கம் அவர்கள் குடியில் உண்டு என்று அவளால் காட்ட முடியவில்லை.

நம்மில் சிலர் வழக்கங்களைத் தொகுக்கிறோம். பாட்டு, விடுகதை, சாமி கும்பிடு எல்லாம் சேர்க்கிறோம். பிரியும்போது பெண்ணுக்கு என்ன கொடுத்தார்கள், பிள்ளை யாரிடம் நின்றது, இரண்டாம் மணத்தை ஊர் எப்படிப் பார்த்தது என்று ஊரூராகக் கிழவிகளிடம் கேட்டு, தேதி போட்டு எழுதிவைப்பதை முதலில் செய்யலாம். வாழவந்தி நாட்டிலிருந்தே தொடங்கலாம், செம்மேடு வரைக்கும் பஸ் இருக்கிறது.