உயிலும் டிரஸ்டு சாசனமும்

இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்னும் ஊர்களில் துறைமுகத்தையும் ஆலைகளையும் நம்பி வாழ்வோர் பலர்க்கு ஆயுள் முழுதும் உழைத்துத் தேடிய பொருள் ஒரு சிறு வீடே. வீட்டுக்குடையார் மறைந்தபின் அது வழக்கின்றி மக்களைச் சேர வேண்டுமாயின் செய்யத்தக்கது யாது?

உயில் மெய்யானதே என நீதிமன்றம் ஆராய்ந்து அளிக்கும் சான்று புரோபேட்டு எனப்படும். 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213ஆம் பிரிவு, கிறிஸ்தவர் உயில்களுக்கும், சென்னை நகரில் இந்துக்கள் எழுதும் உயில்களுக்கும் அதனைக் கட்டாயமாக்கியது. 2002இல் இந்தியக் கிறிஸ்தவர் விலக்குப் பெற்றனர்; 2025இல் பாராளுமன்றம் அப்பிரிவையே நீக்கிற்று. ஆதலின், புரோபேட்டுக்கு அஞ்சியே டிரஸ்டு அமைத்தல் இன்று வேண்டுவதன்று.

டிரஸ்டாவது, ஒருவர் தம் சொத்தைப் பிறர் நன்மைக்கென ஒரு தர்மகர்த்தாவிடம் ஒப்புவித்தலாம். உடையவர் தாமே தர்மகர்த்தாவாகவும் இருக்கலாம். 1882ஆம் ஆண்டுச் சட்டப்படி நோக்கம், பயன் பெறுவோர், சொத்து ஆகிய மூன்றும் ஐயமறக் குறிக்கப்பெறல் வேண்டும். வாழ்நாளிலேயே வீட்டை இங்ஙனம் ஒப்புவிப்பின் சாசனம் பதிவாதல் கட்டாயம். ரத்து செய்யும் உரிமையைத் தமக்கென வெளிப்படையாக எழுதிக்கொள்ளாதவர் பின்னர்த் தாமாக அதனை மீட்டல் இயலாது. சிறுபிள்ளைகளையோ நோயுற்றோரையோ நெடுங்காலம் பேண வேண்டிய குடும்பத்திற்கு இது நன்று.

ஏனையோர்க்கு உயிலே எளிது. முத்திரைத் தாள் வேண்டா, பதிவும் கட்டாயமன்று, எழுதியவர் விரும்பியபோது மாற்றலாம். ஆயின் சாட்சிகள் இருவர், அவர் கையொப்பமிடுதலைக் கண்டோ, தம் ஒப்பமே என அவர் கூறக் கேட்டோ, அவர்முன் ஒப்பமிடல் வேண்டும். கிறிஸ்தவர் இரண்டு விதிகளை மறத்தலாகாது: சாட்சிக்கோ அவர்தம் மனைவி அல்லது கணவருக்கோ எழுதிய கொடை செல்லாது; உயில் எழுதியபின் திருமணம் செய்துகொண்டால் முன்னைய உயில் ஒழிந்துபோம்.

சென்னைச் செல்வர் பச்சையப்ப முதலியார் தருமத்திற்கென உயில் எழுதி 1794இல் மறைந்தார். அப்பணம் வழக்கில் அகப்பட்டு, அவர் பெயரால் பள்ளி தோன்ற 1842 ஆயிற்று. செல்வர்க்கே அரை நூற்றாண்டுத் தாமதமெனில், ஒரு வீடே உடைய எளியோர் வழக்கை எவ்வாறு தாங்குவர்? கற்றறிந்த மாணவர் தம் இல்லத்துப் பெரியோர்க்கு இவற்றை எடுத்துரைத்து, அவர் நலமாயிருக்கும்போதே செவ்வையாய் எழுதச் செய்தல் கடனாம்.