இணையவழிக் கிறிஸ்தவப் பாடசாலை: விடுகைப் பத்திரம் பெறுவதற்கு முன்னர்

மட்டக்களப்பு வாவிக்கரையில் நவீன பாடசாலைக் கல்விக்கு அடித்தளமிட்டவர்களுள் கிறிஸ்தவ மிஷனரிமார் முதன்மையானவர்கள். 1814ஆம் ஆண்டு இங்கு வந்த மெதடிஸ்த மிஷனரியான வில்லியம் ஓல்ட் பாதிரியார் ஓராண்டு நிறைவுறு முன்னரே காலமானார். ஆயினும் அவர் தொடக்கிய பணியிலிருந்தே இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி வளர்ந்தது. 1873இல் புனித மிக்கேல் கல்லூரி தோன்றியது. காரைதீவில் சைவக் குடும்பத்தில் பிறந்த சுவாமி விபுலானந்தர் புனித மிக்கேல் கல்லூரியில் கற்றே கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் சித்தியெய்தினார். பிற்காலத்தில் இலங்கையில் ஆசிரியராகப் பணியாற்றியவாறே லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தையும் பெற்றார். ஆகவே, கிறிஸ்தவ நிறுவனம் வழங்கும் கல்வியோ, கடல் கடந்து வரும் பரீட்சையோ இம்மண்ணுக்குப் புதியன அல்ல.

1960ஆம், 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் மூலம் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. அதன் பின்னர் மிஷன் பாடசாலைகளிற் பெரும்பாலானவை பெயரளவில் பழைய அடையாளத்தைத் தாங்கிய அரசாங்கப் பாடசாலைகளாயின. தேசிய பாடத்திட்டத்தில் ஒவ்வொரு மாணவனும் தன் சமயத்தையே பாடமாகக் கற்கிறான். சைவநெறி, இஸ்லாம், கத்தோலிக்கம், கிறிஸ்தவம் என்பன க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையிலும் இடம்பெறுகின்றன. எனினும், எல்லாப் பாடங்களும் தமது சமய நோக்கிலேயே கற்பிக்கப்பட வேண்டுமென விரும்பும் கிறிஸ்தவப் பெற்றோருக்கு இது போதுமானதாகத் தோன்றுவதில்லை.

இத்தகைய பெற்றோரின் கவனத்தை அண்மைக் காலத்தில் ஈர்த்திருப்பது, வெளிநாடுகளிலிருந்து இயங்கும் இணையவழிக் கிறிஸ்தவ இடைநிலைப் பாடசாலைகளாகும். 2019 ஏப்ரல் 21ஆந் திகதி மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் உள்ளிட்ட இடங்களில் நடந்த தாக்குதல்களுக்குப் பின்னர், பாடசாலைகள் மீளத் திறக்கப்பட்டபோதும் பெற்றோர் பலர் பிள்ளைகளை அனுப்ப அஞ்சினர். 2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றால் நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டபோது, வீட்டிலிருந்து இணையத்தில் கற்பது வழமையாயிற்று. வெளிநாடுகளில் வாழும் உறவினர்களும் இவ்வாறான பாடசாலைகளைப் பரிந்துரைக்கின்றனர். எனவே, இவை எவ்வாறு இயங்குகின்றன என்பதைப் பெற்றோர் தெளிவாக அறிந்துகொள்வது அவசியமாகின்றது.

இவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, குறித்த நேரத்தில் ஆசிரியர் திரையில் தோன்றிக் கற்பிக்கும் நேரடி வகுப்பு. இரண்டாவது, பதிவு செய்யப்பட்ட பாடங்களை மாணவன் தன் வசதிக்கேற்பப் பார்த்து, ஒப்படைகளை அனுப்பும் முறை. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலிருந்து இயங்கும் அபெக்கா நிறுவனம் இதற்கு உதாரணமாகும். மூன்றாவது, சிறு பயிற்சி நூல்களைத் தானே வாசித்து ஒவ்வொன்றாக முடிக்கும் முறை. 1970இல் டெக்சாஸ் மாநிலத்தில் தொடங்கப்பட்ட ஏ.சி.ஈ. எனப்படும் துரித கிறிஸ்தவக் கல்வித் திட்டம் இவ்வகையைச் சார்ந்தது. ஒவ்வொரு நூலின் இறுதியிலும் நடைபெறும் சோதனையில் 80 சதவீதம் பெற்றால்தான் அடுத்த நூலுக்குச் செல்லலாம்.

நேரடி வகுப்பை விரும்புவோர் முதலில் கடிகாரத்தைப் பார்த்தல் வேண்டும். நியூயோர்க்கில் காலை 9 மணிக்குத் தொடங்கும் வகுப்பு, குளிர்காலத்தில் மட்டக்களப்பில் இரவு 7.30இற்கும் கோடைகாலத்தில் மாலை 6.30இற்கும் ஆரம்பமாகும். லண்டன் வகுப்பெனில் அது முறையே பிற்பகல் 2.30, 1.30 ஆகும். அமெரிக்கப் பாடசாலையில் சேரும் பிள்ளை நள்ளிரவு கடந்தும் திரையின் முன் அமர்ந்திருக்க நேரிடலாம். பதிவு செய்த பாடங்களில் இச்சிக்கல் இல்லை. ஆனால், விளங்காத இடத்தில் உடனே கேட்பதற்கு ஆசிரியரும் இல்லை.

அவ்விடத்தை நிரப்ப வேண்டியவர் பெற்றோரே. விளம்பரங்களைப் பார்ப்போர் பெரும்பாலும் கவனிக்கத் தவறும் உண்மை இதுவாகும். கால அட்டவணையைப் பேணுதல், சோதனையின்போது மேற்பார்வை செய்தல், ஒப்படைகளை உரிய நாளில் அனுப்புதல், புள்ளிப் பதிவுகளைப் பாதுகாத்தல் ஆகிய அனைத்தும் வீட்டிலுள்ள ஒருவரின் பொறுப்பாகின்றன. பாடங்கள் யாவும் ஆங்கிலத்திலேயே அமைந்திருக்கும். தாயும் தந்தையும் வேலைக்குச் செல்லும் வீட்டிலோ, ஆங்கிலத்தில் பாடத்தை விளக்க எவரும் இல்லாத வீட்டிலோ பதின்மூன்று வயதுப் பிள்ளை தனித்து விடப்படுகின்றது.

அடுத்து, எல்லாவற்றிலும் முக்கியமானது சான்றிதழாகும். அமெரிக்க முறையில் 9ஆம் தரம் முதல் 12ஆம் தரம் வரை பாடத்துக்குப் பாடம் திரட்டப்படும் மதிப்பலகுகளின் அடிப்படையில் டிப்ளோமா வழங்கப்படுகின்றது. அதன் பெறுமதி, பாடசாலைக்கு அங்கீகாரம் வழங்கிய அமைப்பிலே தங்கியுள்ளது. கொக்னியா, சர்வதேச கிறிஸ்தவப் பாடசாலைகள் சங்கம் போன்றவை அத்தகைய அமைப்புகளாகும். இணையத்தளத்தில் 'அங்கீகரிக்கப்பட்டது' என எழுதியிருப்பதை மட்டும் நம்பாது, அங்கீகாரம் வழங்கிய அமைப்பின் பட்டியலிலேயே பாடசாலையின் பெயரைத் தேடிப் பார்த்தல் வேண்டும். பிரித்தானியப் பாடத்திட்டமெனில், கேம்பிரிட்ஜ் அல்லது எடெக்செல் பரீட்சைக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக விண்ணப்பிக்க நேரும். பாடம் வீட்டுக்கு வரலாம். இப்பரீட்சைகளுக்கோ மாணவன் அனுமதி பெற்ற நிலையத்துக்கு நேரில் செல்ல வேண்டியிருக்கும். அந்நிலையம் எங்குள்ளது, பயணத்துக்கும் தங்குவதற்கும் எவ்வளவு செலவாகும் என்பவற்றை முதலிலேயே கணக்கிட வேண்டும்.

வெளிநாட்டுச் சான்றிதழ் வெளிநாட்டுக் கல்விக்கு உதவக்கூடும். ஆனால், இலங்கை அரச பல்கலைக்கழகங்களுக்கான பொது அனுமதி க.பொ.த. உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியின் வழியாகவே கிடைக்கின்றது. பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்பட்டுள்ளன. மட்டக்களப்பும் அம்பாறையும் அப்பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் அடங்குகின்றன. இம்மாவட்டங்களிலிருந்து மருத்துவ பீடத்துக்கோ பொறியியல் பீடத்துக்கோ செல்லக் காத்திருக்கும் பிள்ளை, உள்ளூர்ப் பரீட்சைப் பாதையை விட்டு விலகும்போது இச்சலுகையையும் கைவிடுகின்றது. அரச சேவையின் பல நியமனங்களுக்கும் சாதாரண தரப் பெறுபேறே அடிப்படைத் தகைமையாகக் கேட்கப்படுகின்றது. பதினாறு வயதில் எடுக்கப்படும் தீர்மானத்தின் விலையை இருபத்தைந்து வயதில் செலுத்த நேரிடலாம்.

பாடங்களின் உள்ளடக்கத்தையும் பெற்றோர் வாசித்துப் பார்த்தல் நன்று. மேற்குறிப்பிட்ட அபெக்கா, ஏ.சி.ஈ. பாடத்திட்டங்கள் வேதாகமப் படைப்பு வரலாற்றை எழுத்துக்கு எழுத்து உண்மையெனக் கொண்டு விஞ்ஞானத்தைக் கற்பிக்கின்றன. கூர்ப்புக் கொள்கையை நிராகரிக்கின்றன. அந்நம்பிக்கை குடும்பத்தின் உரிமை. ஆயினும், உயிரியலை உயர்கல்விக்குத் தெரிவு செய்யும் மாணவன் அக்கொள்கையைப் பரீட்சையில் விளக்க வேண்டியிருக்கும். மேலும், இலங்கை வரலாறும் தமிழ் இலக்கியமும் இப்பாடத்திட்டங்களில் இல்லை. வாவியின் கரையில் வளரும் பிள்ளை அமெரிக்க வரலாற்றை விரிவாக அறிந்து, தன் மண்ணின் வரலாற்றை அறியாதிருப்பது பெருமைக்குரியதன்று.

கட்டணத்தைப் பொறுத்தவரை, 2022ஆம் ஆண்டின் அனுபவம் போதுமானது. அவ்வாண்டு மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலரின் பெறுமதி சில மாதங்களுக்குள் 360 ரூபா அளவுக்கு உயர்ந்தது. டொலரிற் கட்டணம் செலுத்த உடன்பட்டிருந்த எந்தக் குடும்பத்துக்கும் செலவு கிட்டத்தட்ட இரட்டிப்பாகியிருக்கும். அதே காலத்தில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அமுலில் இருந்தது. எழுவான்கரை நகரங்களில் கிடைக்கும் இணையவேகம் படுவான்கரைக் கிராமங்கள் எல்லாவற்றிலும் கிடைப்பதில்லை என்பதையும் மறத்தலாகாது.

சட்டத்தின் நிலையும் கவனத்துக்குரியது. 1998 முதல் நடைமுறையிலுள்ள கட்டாயக் கல்வி ஒழுங்குவிதிகள், 2016இல் 5 வயது முதல் 16 வயது வரை விரிவுபடுத்தப்பட்டன. ஆகவே, அந்த வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பாடசாலையிலிருந்து விலக்க நினைப்போர் வலயக் கல்விப் பணிமனையுடன் முன்கூட்டியே கலந்துரையாடி, பெறும் பதிலை எழுத்தில் பெற்றுக்கொள்வது புத்திசாலித்தனமாகும். விடுகைப் பத்திரம் பெறுவது எளிது. ஈராண்டுகளின் பின்னர் அதே வகுப்புக்குத் திரும்புவது அவ்வளவு எளிதன்று.

இது கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு மட்டும் உரிய விடயமெனத் தமிழ், முஸ்லிம் வாசகர்கள் ஒதுக்கிவிட முடியாது. இஸ்லாமியச் சூழலில் கற்பிக்கும் இணையப் பாடசாலைகளும் உலகில் உள்ளன. எச்சமயத்தின் பெயரால் நடத்தப்பட்டாலும் அங்கீகாரம், பரீட்சை, மேற்பார்வை, திரும்பிவரும் வழி ஆகிய நான்கும் கேட்கப்பட வேண்டிய கேள்விகளே. இன்னொன்றையும் சேர்த்துக் கேட்டல் வேண்டும். தமிழ்ப் பாடசாலை, முஸ்லிம் பாடசாலை என ஏற்கனவே பிரிந்திருக்கும் இப்பிரதேசத்தில், பிள்ளை எவருடன் விளையாடும், எவரைத் தன் நண்பனென அறியும்? சைவப் பிள்ளையான விபுலானந்தரை ஏற்று வளர்த்தது ஒரு கத்தோலிக்கக் கல்லூரி. பழைய மிஷன் பாடசாலைகளின் அப்பெருமையை வீட்டின் அறைக்குள் தனித்திருக்கும் திரை ஈடுசெய்யமாட்டாது.

இதற்கு நடுவழியொன்று உண்டு. பிள்ளை தன் பாடசாலையிலேயே தொடர்ந்து கற்று சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றட்டும். சமய அறிவையும் ஆங்கிலத்தையும் வளர்க்க, மாலையிலோ வார இறுதியிலோ ஒன்றிரண்டு இணையப் பாடங்களை மட்டும் தெரிவு செய்யலாம். முழுநேர இணையக் கல்வி, குடும்பத்தோடு விரைவில் வெளிநாடு செல்லவிருப்போருக்கும், நோய் காரணமாகப் பாடசாலை செல்ல இயலாதோருக்கும் பொருத்தமாக அமையலாம். ஏனையோர் அதை நாடுவதற்கு முன்னர் ஒரு தவணைக் காலம் பகுதி நேரமாகப் பரீட்சித்துப் பார்ப்பது பாதுகாப்பானது.

1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி இந்நாட்டின் ஏழைப் பிள்ளைக்கும் பல்கலைக்கழக வாசலைத் திறந்தது. அவ்வாசலைத் தவிர்த்து வேறு வழியில் செல்ல எவருக்கும் உரிமையுண்டு. ஆனால், புதிய வழி எங்கே சென்று முடிகின்றது என்பதை அறிந்த பின்னரே பிள்ளையின் கையைப் பிடித்து நடத்தல் பெற்றோரின் கடமையாகும்.