தொட்டியில் வளர்ந்த குடும்பத் தொழில்

ஊரில் தோட்டமும் துரவுமாக வாழ்ந்த உங்களுக்கு மாநகரில் வாய்த்திருப்பது ஒரு சிறிய பால்கனி மட்டுமே. அங்கே ஆசைக்கு வைத்த ஒரு தொட்டிச் செடி, பின்னாளில் குடும்பத்தின் பிழைப்பாகக் கூடுமா?

இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் 'ஹெரன்ஸ் போன்சாய்' என்னும் நர்சரி உள்ளது. பீட்டர் சான், டான் சான் தம்பதியர் 1986இல் அதை நிறுவினர். பீட்டர் இந்தியாவில் பிறந்து, அங்கே குடியேறியவர். பொறியாளராகப் பணியாற்றியபடியே, 1960களில் பொழுதுபோக்காகக் குறுமரங்களை வளர்க்கத் தொடங்கினார். அந்த ஆர்வம் தொழிலாக மலர ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. லண்டனின் புகழ்பெற்ற செல்சி மலர்க்காட்சியில் அவர்களுடைய மரங்கள் பலமுறை தங்கப் பதக்கம் பெற்றுள்ளன.

ஏன் இத்தனை ஆண்டுகள்? போன்சாய் தனிச் சாதி மரமன்று. ஆல், அத்தி போன்ற சாதாரண மரத்தையே ஆழமற்ற தொட்டியில் நட்டு, வேரையும் கிளையையும் அளவோடு கத்தரித்து, கம்பி சுற்றி வடிவமைக்கிறார்கள். மரத்தைப் பட்டினி போடுவதால் அது குறுகுவதில்லை. உரமும் நீரும் வெயிலும் அதற்கு வேண்டும். கம்பியை உரிய காலத்தில் அகற்றாவிடில் பட்டையில் தழும்பு விழும். கோடையில் ஒரு நாள் தண்ணீர் மறந்தாலும் பல ஆண்டு உழைப்பு கருகிப்போகலாம்.

ஆகவே, ஆர்வ மிகுதியால் வேலையை விட்டுவிடாதீர்கள். கடன் வாங்கியும் தொடங்காதீர்கள். முற்றிய மரம் விலைபோகும்வரை வீட்டு வாடகை காத்திராது. விலையுயர்ந்த மரமும் முதலில் தேவையில்லை. நர்சரியில் கிடைக்கும் சாதாரணச் செடியிலிருந்தே நல்ல போன்சாய் உருவாக்கலாம் என்பதையே பீட்டர் சான் பலருக்கும் செய்து காட்டுகிறார். நம் வெயிலைத் தாங்கும் ஃபைகஸ், போகன்வில்லா, அடீனியம் ஆகியவற்றில் இரண்டொன்றோடு தொடங்குங்கள். கிளைகளை வெட்டி வேர்பிடிக்க வைத்த கன்றுகளையும் மண்கலவையையும் விற்றால், முதற்காசு சற்று விரைவில் கைக்கு வரும்.

வேலையைக் குடும்பத்தார் பகிர்ந்துகொள்வதும் அவசியம். நீங்கள் வெளியூர் சென்றிருக்கும் நாளில் தண்ணீர் ஊற்றுபவர் யார் என்பதை முன்னரே பேசி முடிவு செய்யுங்கள். வீட்டிலுள்ள ஒருவருக்கேனும் அதே அக்கறை இல்லாவிடில், அது பொழுதுபோக்காகவே இருப்பது நல்லது.

இன்று நடும் கன்று தொழிலாகாமலே போகலாம். ஆயினும் அது உங்கள் பிள்ளைகளோடு வளரும். பொறுமை என்பது யாதென அவர்களுக்கு நாள்தோறும் கற்பிக்கும். அதுவும் ஓர் ஆதாயமே அல்லவா?