பற்றாசும் பண்பறி முறைகளும்

யாப்புப் பயின்றார் ஆசிடை நேரிசை வெண்பாவை நன்கு அறிவர். முதற்குறட்கும் தனிச்சொற்கும் இடையே ஓசை பொருந்தாதவழி ஓர் அசையோ ஈரசையோ இட்டு இணைப்பர். பொற்கொல்லர் பற்றாசு வைத்து அணிகலனின் உறுப்புகளை இணைப்பது போல்வதாகலின் அஃது ஆசு எனப் பெயர் பெற்றது. இச்சொல் இன்று வேறொரு தொழிலுக்கும் பெரிதும் வேண்டப்படுகின்றது. அது குறைகடத்திச் சில்லுகளை உறையிட்டு இணைக்கும் தொழில்.

சிலிக்கன் சில்லைக் கவிழ்த்து, அதன் முகத்திலுள்ள பற்றாசுக் குமிழ்களை அடிப்பலகையின் செம்புத் திட்டுகளோடு உருக்கி ஒட்டுவர். கவிழ்த்து ஒட்டும் இம்முறையை ஐ.பி.எம். நிறுவனம் 1960-களிலேயே கையாண்டது. இடர் வருவது வெப்பத்தால். ஒரு பாகை வெப்பம் ஏறினால் சிலிக்கன் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 2.6 பங்கு நீளும். செம்போ 17 பங்கு நீளும். பிசினாலும் கண்ணாடியிழையாலும் ஆன பலகையும் செம்பை ஒட்டியதே. எனவே, சில்லின் நடுவிலிருந்து 10 மி.மீ. தள்ளியுள்ள குமிழின் மேலும் கீழும், 100 பாகை மாற்றத்தில், தம்முள் ஏறத்தாழ 0.014 மி.மீ. விலக முயலும். இவ்விழுப்பைப் பகிர்தற்கே இடைவெளியில் பிசின் நிரப்புகின்றனர். பிசின் ஓரிடத்துப் பிரியின் அங்குள்ள குமிழே சுமை முழுதும் தாங்க நேரும்.

இத்தகைய மறைந்த குறையை அறிவதனைச் ‘சோதனை’ என்றல் போதாது. சோதனை நன்றோ தீதோ என்று மட்டும் கேட்கும். பொருள் எத்தன்மையது, ஏன் அவ்வாறாயிற்று என வினவுவது பிறிதொன்று. அதனைப் ‘பண்பறிதல்’ என வேறு பிரித்துக் கூறலே தக்கது என்பது எம் கருத்து. இரண்டையும் ஒரு சொல்லால் வழங்கினால் மாணாக்கர் இரண்டையும் ஒன்றெனவே கொள்வர்.

பண்பறிதலில் முறைவைப்பு இன்றியமையாதது. பொருளைச் சிதைக்காத கருவிகளே முன்னர் நிற்கும். ஊடுகதிர் சிலிக்கனை எளிதிற் கடக்கும். பற்றாசு அதனைத் தடுக்கும். ஆதலின் குமிழுக்குள் இருக்கும் வெற்றிடம் படத்தில் தெளிவாய்த் தோன்றும். ஆயின் தட்டையான மெல்லிய பிரிவு அதற்குப் புலப்படாது. அதனைக் காண்பது மீயொலி நுண்ணோக்கி. பொருளை நீரில் அமிழ்த்தி ஒலியைச் செலுத்த, காற்றிடை எதிர்ப்பட்டவுடன் ஒலி ஏறத்தாழ முழுதும் மீளும். ஒரு மைக்ரானினும் மெல்லிய பிரிவும் இதற்குத் தப்பாது. எனினும் பிரிவின் கீழுள்ளவை ஒலி புகாமையால் மறைந்துவிடும். ஒன்று காண்பதை மற்றொன்று காணாமையின் இரண்டும் வேண்டும்.

அறுத்துப் பார்ப்பது இறுதியில். பொருளைப் பிசினில் பதித்து, அறுத்து, தேய்த்து மெருகிட்டு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைப்பர். வெள்ளீயமும் செம்பும் கூடும் எல்லையில் ஒரு சேர்மப் படலம் அப்போது காணப்படும். அஃதின்றேல் பற்றே இல்லை. ஆயின் வெப்பத்தில் நாள்படத் தடித்து, எளிதில் நொறுங்குவதும் அதுவே. ஆசு என்பது பற்றாசையும் குற்றத்தையும் ஒருங்கே குறிக்கும் என்பது ஈண்டு நினைவிற்கு வருகின்றது.

அறுத்தலிலும் ஓர் இடர் உண்டு. தேய்க்குங்கால் புதிய வெடிப்புத் தோன்றலாம். மென்மையான பற்றாசு இழுபட்டுப் பழைய வெடிப்பை மூடியும் விடலாம். ஆகவே, வெடிப்புக் கண்டவிடத்து, அறுக்குமுன் எடுத்த ஒலிப்படத்தில் அவ்விடம் எவ்வாறிருந்தது என ஒப்புநோக்கிய பின்னரே அது முன்னரே இருந்ததா, அறுவையால் வந்ததா எனத் துணிவர்.