முதல் மாத்திரை யாருக்கு?

புதிய மருந்து ஒன்றைக் கண்டுபிடித்தாயிற்று. எலிக்குக் கொடுத்துப் பார்த்தாயிற்று. வேறு விலங்குகளுக்கும் கொடுத்தாயிற்று. இனி மனிதனுக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும். முதல் மாத்திரையை யார் விழுங்குவது? விழுங்கலாம் என்று யார் அனுமதிப்பது?

மனிதர்மீது நடத்தும் ஆராய்ச்சிகளுக்கு உலக மருத்துவச் சங்கம் 1964-இல் ஹெல்சிங்கி நகரில் விதிகளை வகுத்தது. 1975-இல் டோக்கியோவில் அவற்றைத் திருத்தியபோது, ஆராய்ச்சித் திட்டத்தைத் தனிப்பட்ட ஒரு குழு முன்கூட்டியே பரிசீலிக்க வேண்டும் என்று சேர்த்தார்கள். இதுதான் அறநெறிக் குழு. டாக்டர்களோடு சட்டம் அறிந்தவரும், மருத்துவமே அறியாத சாதாரண மனிதரும் அதில் இருப்பர். சாதாரண மனிதர் எதற்கு என்கிறீர்களா? "எனக்குப் புரியவில்லையே!" என்று வெட்கப்படாமல் கேட்பவர் அவர்தான்.

விதி எழுதியாயிற்று. ஆனால் குழுவே இல்லாத ஊரில் என்ன நடக்கும்?

1996-இல் ஆப்பிரிக்காவின் நைஜீரியா நாட்டில் மூளைக்காய்ச்சல் பரவியது. மூளையைச் சுற்றியுள்ள உறையைக் கிருமிகள் தாக்கும் கொடிய நோய் இது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 11,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அப்போது கானோ நகரத் தொற்றுநோய் மருத்துவமனைக்கு, அமெரிக்காவின் ஃபைசர் நிறுவனத்தார் 'ட்ரோவன்' என்ற புதிய மருந்துடன் வந்தனர். சுமார் 200 குழந்தைகளில் பாதிப் பேருக்கு அந்த மருந்து. மற்றவர்களுக்கு ஏற்கெனவே வழக்கத்தில் இருந்த ஒரு மருந்து. ட்ரோவன் பெற்றவர்களில் 5 பேரும், மற்ற மருந்து பெற்றவர்களில் 6 பேரும் இறந்தனர்.

இந்தக் கணக்கை வைத்து மட்டும் ட்ரோவனைக் குறைகூற முடியாது. தகராறு வேறு இடத்தில் எழுந்தது. "இது பரிசோதனை என்றே எங்களிடம் சொல்லவில்லை" என்றனர் பெற்றோர். ஹௌசா மொழியில் வாய்மொழியாக விளக்கியதாக நிறுவனம் கூறியது. அறநெறிக் குழு அனுமதித்ததாக ஒரு கடிதமும் காட்டப்பட்டது. அந்தக் கடிதத்திலிருந்த தேதியில் அம்மருத்துவமனையில் அப்படி ஒரு குழுவே இல்லை என்பது பிறகு வெளியாயிற்று! தவறேதும் செய்யவில்லை என்று கூறிவந்த நிறுவனம், 2009-இல் கானோ மாநிலத்துடன் ஏழரைக் கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது.

நம்பிக்கை போனது அதைவிடப் பெரிய நஷ்டம். 2003-இல் போலியோ சொட்டு மருந்தைப் பற்றி வதந்திகள் கிளம்பியபோது, ட்ரோவன் நினைவும் சேர்ந்துகொண்டது. கானோ மாநிலம் பல மாதங்கள் சொட்டு மருந்தை நிறுத்தி வைத்தது. போலியோ, அந்நோய் ஒழிந்திருந்த வேறு பல நாடுகளுக்கும் பரவியது.

நைஜீரியா விழித்துக்கொண்டது. தேசிய அறநெறிக் குழு ஏற்பட்டது. 2007-இல் விதித்தொகுப்பும் வெளியாயிற்று. ஆனால் நாற்காலி போட்டு நாலு பேரை உட்கார வைத்தால் குழு ஆகிவிடாது. அவர்களுக்குப் பயிற்சி வேண்டும். வளரும் நாடுகளில் இப்பயிற்சிக்கு அமெரிக்காவின் ஃபோகார்ட்டி மையம் 2000-இலிருந்து நிதி வழங்கலாயிற்று. நைஜீரியாவின் இபாடான் பல்கலைக்கழகத்திலும் இத்தகைய பயிற்சி நடந்தது.

எதைக் கற்கிறார்கள்? ஓர் உதாரணம் பார்ப்போம். இரண்டு மருந்துகளில் எது யாருக்கு என்பதைச் சீட்டுக் குலுக்குவது போலத்தான் முடிவு செய்வார்கள். தாயோ, 'டாக்டர் என் குழந்தைக்கு நல்லதைத்தான் பொறுக்கித் தருவார்' என்று நம்புகிறாள். இந்த வேறுபாட்டை, எழுதப் படிக்கத் தெரியாத அவளுக்கு அவளுடைய மொழியிலேயே விளக்க வேண்டும். விளக்கியபின், "நான் சொன்னதை நீங்கள் ஒருமுறை சொல்லுங்கள்" என்று கேட்பது நல்ல வழி. அவள் தலையாட்டியதை மட்டும் வைத்துக் கையொப்பம் வாங்கினால், நல்ல குழு அந்தத் திட்டத்தைத் திருப்பி அனுப்பிவிடும். ஒப்புதல் தந்தபின் நேரில் போய்ப் பார்ப்பதும் குழுவின் வேலை. (அதற்கு ஜீப்பும் பெட்ரோலும் வேண்டும், பல ஏழை நாடுகளில் தட்டுப்படுவது இதுதான்.)

மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் கிராமப் பெரியவர்களைக் கூட்டி முதலில் அவர்களிடம் அனுமதி கேட்பார்கள். அது கிடைத்த பிறகும் ஒவ்வொரு பெற்றோரின் சம்மதத்தையும் தனித்தனியே பெற்றாக வேண்டும். கானோவைத் தாக்கிய அதே 'ஏ' வகைக் கிருமிக்கு எதிராக, நம் புனே நகரில் ஒரு தடுப்பூசி தயாராயிற்று. மாலி, காம்பியா ஆகிய நாடுகளின் குழுக்கள் பரிசீலித்து அனுமதித்தபின், 2006-இல் அங்கே குழந்தைகளுக்குப் போட்டுப் பரிசோதித்தனர். 2010 டிசம்பரில் புர்கினா ஃபாசோ நாட்டில் அதைப் பெருமளவில் போடத் தொடங்கினர். மறு ஆண்டு அது நைஜீரியாவுக்கும் வந்து சேர்ந்தது.