நகைக்கடன் தெரியுமா? அப்போ கிரிப்டோ கடன் பாதி புரிஞ்ச மாதிரிதான்!

புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில நகையை அடகு வெச்சவங்களுக்கு இந்தக் கணக்கு புதுசு இல்ல. நகை மதிப்புல ஒரு பங்குதான் கடனா கிடைக்கும். அந்தப் பங்குக்குப் பேர்தான் எல்டிவி. ரிசர்வ் வங்கி 2025 ஜூன்ல அறிவிச்ச விதிப்படி, 2.5 லட்சம் ரூபாய் வரையிலான நகைக்கடனுக்கு இது அதிகபட்சம் 85%.

ஆவே, காம்பவுண்ட் மாதிரி டீஃபை தளங்கள்லயும் இதே கதைதான். நகைக்குப் பதிலா ஈதர் காயின், கடைக்காரருக்குப் பதிலா ஒரு புரோகிராம். சிபில் ஸ்கோர், சம்பள ஸ்லிப் எதுவும் கேட்காது. அதனாலதான் அடமானத்தை மட்டுமே நம்பி இருக்கு.

எல்டிவி, எவ்வளவு கடன் வாங்கலாம்னு சொல்லும். லிக்விடேஷன் த்ரெஷோல்ட், எந்த இடத்துல அடமானம் கைவிட்டுப் போகும்னு சொல்லும். ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

ஒரு கணக்கு போடுவோம். 1,00,000 ரூபாய் மதிப்புள்ள ஈதரை வெச்சு, டாலரோட ஒட்டி நிக்குற ஸ்டேபிள்காயின்ல 60,000 ரூபாய் அளவுக்குக் கடன் வாங்குறீங்க. த்ரெஷோல்ட் 80%னு வைங்க. 80,000-ஐ 60,000-ஆல வகுத்தா 1.33. இதுதான் ஹெல்த் ஃபேக்டர். ஈதர் விலை 25% விழுந்தா இது 1-க்கு வந்துடும். அதுக்குக் கீழ போனா யாரோ ஒருத்தர் உங்க கடனை அடைச்சு, உங்க ஈதரைத் தள்ளுபடி விலையில எடுத்துக்கலாம். அந்தத் தள்ளுபடிதான் உங்களுக்கு அபராதம். ஹெல்த் ஃபேக்டர் 2-ல இருந்தா, விலை பாதியாகுற வரைக்கும் தாங்கும். கிரிப்டோவுல 25% சரிவெல்லாம் சர்வ சாதாரணம், அதனால 1.33 எனக்குத் தூக்கம் தராது.

அடகுக்கடையில ஏலத்துக்கு முன்னாடி நோட்டீஸ் வரும். இங்க அது கிடையாது. நீங்க தூங்கும்போதே முடிஞ்சிடும்.

2020 மார்ச் 12-ல ஈதர் ஒரே நாள்ல 40%-க்கு மேல சரிஞ்சுது. நெட்வொர்க்ல நெரிசல். மேக்கர்டாவ் தளத்துல ஏலம் கேட்க ஆள் வர முடியல; சிலர் பூஜ்யம் விலை கேட்டே ஈதரை அள்ளிட்டுப் போனாங்க. கடன் வாங்கினவங்க அடமானம் மொத்தமும் போச்சு.

வரி? கிரிப்டோ லாபத்துக்கு 30%. நஷ்டத்தை வேற எந்த வருமானத்துலயும் கழிச்சுக்க முடியாது, இன்னொரு காயின்ல வந்த லாபத்துலகூட.

ஹெல்த் ஃபேக்டர் ஸ்கிரீன்ல எங்க தெரியும்னு வீடியோல காட்டியிருக்கேன், பாருங்க.